கயத்தாறில் வண்டியை நிறுத்துங்கள்

மதுரையிலிருந்து கன்னியாகுமரி போகும் நான்கு வழிச் சாலையில், கோவில்பட்டியைக் கடந்த சிறிது நேரத்தில் கயத்தாறு வந்துவிடும். இரு பக்கமும் கரிசல் காடு, அதன் மேல் வரிசையாகச் சுழலும் காற்றாலைகள். இன்னும் அரைமணி நேரம் ஓடினால் திருநெல்வேலி. குமரிமுனைக்கும் திருச்செந்தூருக்கும் போகிற வண்டிகள் நாள்தோறும் இந்த ஊரை ஒட்டியே பாய்ந்து செல்கின்றன. நிற்பவை குறைவு. 2019-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் 49 கோடிக்கும் மேற்பட்ட உள்நாட்டுச் சுற்றுலா வருகைகள் பதிவாயின. நாட்டில் அது இரண்டாம் இடம். ஆனால் அந்தக் கூட்டம் பெருங்கோயில்களிலும் கடற்கரைகளிலும் மலைவாசத் தலங்களிலுமே குவிகிறது. வழியில் இருக்கும் சிற்றூர்களுக்குப் புகையும் இரைச்சலும்தான் மிச்சம். இந்த நிலையில் கயத்தாறு போன்ற ஒரு பேரூராட்சி வெளியூர் மக்களுக்குத் தன்னை எப்படி அறிமுகம் செய்துகொள்வது? வழக்கமான விடை, ஒரு சிலை, ஒரு மண்டபம், ஓர் அலங்கார வளைவு, சில விளம்பரப் பலகைகள். அந்த விடை போதாது என்பதும், ஊர் தன் கதையைச் சுற்றியுள்ள ஊர்களோடு சேர்த்துத் தானே சொல்லத் தொடங்கினால்தான் வண்டிகள் நிற்கும் என்பதும்தான் இந்தக் கட்டுரையின் வாதம்.

கயத்தாறின் பெயர் நாடு முழுவதும் பரவக் காரணமான நிகழ்ச்சியே ஒருவகை விளம்பரமாகத்தான் நடந்தது. 1799 அக்டோபர் 16 அன்று, பாஞ்சாலங்குறிச்சிப் பாளையக்காரர் வீரபாண்டிய கட்டபொம்மனைக் கிழக்கிந்தியக் கும்பினியின் மேஜர் பானர்மேன் இங்கே ஒரு புளியமரத்தில் தூக்கிலிட்டார். செப்டம்பரில் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை முற்றுகைக்கு உள்ளாகி, கட்டபொம்மன் வெளியேறி, புதுக்கோட்டைச் சீமையில் பிடிபட்டுக் கொண்டுவரப்பட்டிருந்தார். கும்பினிக்கு அவருடைய உயிர் மட்டும் தேவையாக இருந்திருந்தால், பிடித்த இடத்திலேயே வேலையை முடித்திருக்கலாம். மற்றப் பாளையக்காரர்களை வரவழைத்து, அவர்கள் கண்முன்னே, தென்வடலாகப் போகும் பெருவழியில் இருந்த ஓர் ஊரில் தண்டனையை நிறைவேற்றியதற்குப் பொருள் வேறு. வரி கட்ட மறுத்தால் என்ன நேரும் என்பதைச் சீமை முழுவதும் பார்க்கவேண்டும், பேசவேண்டும், பயப்படவேண்டும் என்பதே அதன் நோக்கம். 1801-ல் கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரையின் தலைமையில் மீண்டும் எழுந்த கோட்டையை அந்த ஆண்டு மே மாதம் வீழ்த்தியபோது, கும்பினி அதைத் தரைமட்டமாக்கியதோடு நில்லாமல் பாஞ்சாலங்குறிச்சி என்ற பெயரையே ஆவணங்களிலிருந்து நீக்க முனைந்தது. ஓர் ஊரைப் பயங்காட்டுவதற்கான மேடையாக்கினார்கள். இன்னோர் ஊரை வரைபடத்திலிருந்தே அழிக்கப் பார்த்தார்கள்.

இரண்டுமே பலிக்கவில்லை. தூக்கிலிட்ட இடத்தைக் கடந்த வழிப்போக்கர்கள் மரியாதையாக ஆளுக்கொரு கல்லை எடுத்துப் போட்டுப் போட்டு, அங்கே ஒரு கற்குவியலே எழுந்துவிட்டதாகப் பழைய பதிவுகள் சொல்கின்றன. அரசாணையோ கல்வெட்டோ நன்கொடைப் பட்டியலோ இல்லாமல் எழுந்த நினைவுச் சின்னம் அது. நாட்டுப்புறக் கதைப்பாடல்கள் அந்தக் கதையை ஊர் ஊராகக் கொண்டுபோயின. 1959-ல் பி. ஆர். பந்துலு இயக்கத்தில் சிவாஜி கணேசன் நடித்த படம் அதைத் தமிழர் வாழும் இடமெல்லாம் சேர்த்தது. மறு ஆண்டு கெய்ரோவில் நடந்த ஆசிய ஆப்பிரிக்கப் பட விழாவில் அவருக்குச் சிறந்த நடிகர் விருதும் கிடைத்தது. நடித்ததோடு தன் கடமை தீர்ந்ததென்று சிவாஜி நினைக்கவில்லை. கயத்தாறில் தன் சொந்தப் பணத்தில் நிலம் வாங்கி, 1970-ல் கட்டபொம்மனுக்குச் சிலை நிறுவினார். பின்னாளில் அரசு மணிமண்டபமும் எழுப்பியது. இந்த வரிசையைக் கூர்ந்து பார்த்தால் ஒன்று விளங்கும். கயத்தாறின் புகழை முதலில் கட்டியவர்கள், அந்த இடத்தில் நின்ற மக்கள். அரசு கடைசியில்தான் வந்தது.

சிலைக்கும் மணிமண்டபத்துக்கும் தனி மதிப்பு உண்டு. ஆனால் அவை ஒரு பயணியைப் பத்து நிமிடத்துக்கு மேல் பிடித்துவைப்பதில்லை. இறங்கினார், வணங்கினார், படம் எடுத்தார், ஏறிவிட்டார். அந்தப் பத்து நிமிடத்தில் கட்டபொம்மன் எங்கிருந்து வந்தார், கும்பினியோடு அவருக்கு என்ன வழக்கு, 1798 செப்டம்பரில் கலெக்டர் ஜாக்சன் அவரை ஊர் ஊராக அலையவிட்டு இராமநாதபுரத்தில் சந்தித்தபோது என்ன நடந்தது, அந்தக் கைகலப்பில் லெப்டினன்ட் கிளார்க் எப்படி மாண்டார், எல்லாவற்றுக்கும் மேலாகத் தூக்குக்கு ஏன் கயத்தாறு தேர்ந்தெடுக்கப்பட்டது என்பதையெல்லாம் யாரும் அவருக்குச் சொல்வதில்லை. சொல்ல ஆளில்லாத நினைவிடம், திரைப்படத்தில் பார்த்ததையே நினைவூட்டி அனுப்பிவிடுகிறது. சிவகங்கை மாவட்டத்தின் கீழடியை இங்கே ஒப்பிடலாம். 2023 மார்ச்சில் அருங்காட்சியகம் திறக்கப்பட்ட பிறகு அங்கே மக்கள் திரளுகிறார்கள். அங்கே வானளாவிய கோபுரம் இல்லை. இருப்பவை பானை ஓடுகளும் பாசிமணிகளும் செங்கல் சுவர்களும். அவற்றை வரிசைப்படுத்தி, விளக்கி, பார்ப்பவர் தன்னோடு பொருத்திக்கொள்ளும்படி ஒரு கதையாகச் சொல்லியிருப்பதுதான் ஆட்களை இழுக்கிறது.

அப்படியானால் கயத்தாறு என்ன கதை சொல்லவேண்டும்? தனியாக நின்றால் அதனிடம் இருப்பது ஒரு கதையின் கடைசி அத்தியாயம் மட்டும்தான். முந்தைய அத்தியாயங்கள் பக்கத்து ஊர்களில் கிடக்கின்றன. பாஞ்சாலங்குறிச்சியில் 1974-ல் அரசு கட்டிய நினைவுக்கோட்டை இருக்கிறது. அதற்கு மிக அருகில் ஓட்டப்பிடாரம், 1872-ல் வ. உ. சி. பிறந்த ஊர். கயத்தாறு வட்டாரத்திலேயே உள்ள கட்டாலங்குளம், கட்டபொம்மனுக்கும் முந்திய தலைமுறையில் ஆங்கிலேயரை எதிர்த்து மடிந்த அழகுமுத்துக்கோன் பிறந்த மண். 1911 ஜூன் 17-ல் வாஞ்சிநாதன் கலெக்டர் ஆஷைச் சுட்ட மணியாச்சி ரயில் சந்திப்பும் தூரமில்லை. வடக்கே எட்டயபுரம் ஓர் ஊருக்குள் பல ஊர். பாரதி பிறந்த வீடும், சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவரின் அடக்கத்தலமும், 1835-ல் மறைந்த முத்துசுவாமி தீட்சிதரின் சமாதியும் அங்கேதான். கழுகுமலையில் எட்டாம் நூற்றாண்டுப் பாண்டியர் ஒரே பாறையை மேலிருந்து கீழாகக் குடைந்து செதுக்கி, பாதியில் நிறுத்திய வெட்டுவான் கோயில். அதே மலையில் சமணப் புடைப்புச் சிற்பங்களின் நீண்ட வரிசை. குரத்தியர் எனப்பட்ட சமணப் பெண் ஆசான்களைக் குறிப்பிடும் வட்டெழுத்துக் கல்வெட்டுகள். இத்தனையும் கோவில்பட்டியிலிருந்து எந்தத் திசையில் போனாலும் ஏறக்குறைய ஒரு மணி நேரத்துக்குள் அடங்கிவிடும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பெயர்ப்பலகை இருக்கலாம். ‘இதைப் பார்த்தீர்கள், அடுத்து அங்கே போங்கள்’ என்று ஓர் ஊர் அடுத்த ஊரைக் கைகாட்டும் வழக்கம்தான் இல்லை. இந்தச் சுற்றில் கயத்தாறுக்கு வாய்த்திருக்கும் இடம் அருமையானது. பெருஞ்சாலையை ஒட்டியே இருப்பதால் கரிசல் நாட்டின் வாசற்படியாக அது அமையமுடியும்.

இந்த மண்ணுக்கு வேறெங்கும் காணக் கிடைக்காத இன்னொரு செல்வம் உண்டு, அதன் எழுத்தாளர்கள். கயத்தாறுக்கும் கோவில்பட்டிக்கும் நடுவே, சாலையை ஒட்டிய இடைசெவல் என்ற ஒரே கிராமம் கு. அழகிரிசாமியையும் கி. ராஜநாராயணனையும் தந்தது. இருவரும் சாகித்திய அகாதெமி விருது பெற்றவர்கள். கரிசல் மக்கள் பேசும் சொற்களைத் திரட்டி ஓர் அகராதியே போட்டவர் கி. ரா. அவருக்குக் கோவில்பட்டியில் அரசு நினைவரங்கம் அமைத்திருக்கிறது. அந்தப் பரம்பரையில் பூமணி 2014-லும் சோ. தர்மன் 2019-லும் அதே விருதைப் பெற்றார்கள். எழுத்தை வைத்து ஊர் பிழைக்குமா என்று கேட்பவர்கள் ஹே-ஆன்-வை என்ற ஊரைப் பார்க்கவேண்டும். வேல்ஸ், இங்கிலாந்து எல்லையில் ஏறத்தாழ இரண்டாயிரம் பேர் வாழும் அந்தச் சிற்றூரில் 1960-களின் தொடக்கத்தில் ரிச்சர்ட் பூத் பழைய புத்தகக் கடை திறந்தார். கடைகள் பெருகின; 1988-ல் தொடங்கிய இலக்கிய விழா இன்று உலகப் புகழ் பெற்றது. இத்தனைக்கும் அந்த ஊர் பெரிய எழுத்தாளர் கூட்டத்தைப் பெற்றெடுத்த ஊர் அல்ல. மகாராஷ்டிரத்தில் பஞ்சகனி அருகே உள்ள பிலார் கிராமம் 2017-ல் புத்தகக் கிராமமாக அறிவிக்கப்பட்டது. வீடுகள், பள்ளி, கோயில் என 25 இடங்களில் மராத்திப் புத்தகங்களை வைத்து, வருகிறவர்கள் உட்கார்ந்து படிக்க இடம் தந்தார்கள். புத்தகத்தை வெளியிலிருந்து கொண்டுவந்து வைத்த ஊர்களே பேர் பெறும்போது, புத்தகம் விளைந்த மண்ணிலேயே அதைப் படிக்கவும் வாங்கவும் ஓர் இடம் இருப்பது எவ்வளவு இயல்பானது!

ஊரின் பெயரைச் சுமந்து செல்வதில் பண்டத்துக்கு ஈடு இல்லை. கயத்தாறுக்குப் பக்கத்தில் உள்ள கடம்பூரின் பெயர், அங்குள்ள ரயில் நிலையத்தில் விற்ற போளியால்தான் பயணிகளிடையே பரவியது. கோவில்பட்டிக் கடலைமிட்டாய் 2020-ல் புவிசார் குறியீடு பெற்றது. இந்தப் பண்டங்களுக்குப் பின்னால் மண் இருக்கிறது, உழைப்பு இருக்கிறது. மழையை மட்டும் நம்பும் மானாவாரி நிலத்தின் நிலக்கடலையும், வெல்லப்பாகின் பதம் அறிந்த கைகளும் சேர்ந்துதான் மிட்டாய் பிறக்கிறது. வாங்குபவருக்குப் பொட்டலம் மட்டுமே தெரிகிறது. மிட்டாய் தயாராவதைப் பார்க்க ஓர் இடம், கம்பங்கூழும் குதிரைவாலிச் சோறும் கிடைக்கும் ஒரு சாப்பாட்டுக் கடை, கரிசல் தானியங்களை விற்கும் மகளிர் குழுவின் அங்காடி ஆகியவை நினைவிடத்துக்கு அருகில் இருந்தால், பத்து நிமிட நிறுத்தம் ஒரு மணி நேரமாகும். சுற்றுலாவில் ஊருக்கு வருமானம் வருவது அந்த ஒரு மணி நேரத்தில்தான்.

‘வறண்ட பூமி, பார்க்க என்ன இருக்கிறது?’ என்பது இந்தப் பகுதியைப் பற்றி எழும் முதல் மறுப்பு. வெளியாரைவிட உள்ளூர்க்காரர்களே இதை அதிகம் சொல்கிறார்கள். கரிசலை ஆண்டு முழுவதும் வறண்டதாக நினைப்பது கோடையில் மட்டும் கடந்து போகிறவரின் கணக்கு. வடகிழக்குப் பருவமழையை ஒட்டி விதைத்த உளுந்தும் பாசியும் கம்பும் பருத்தியும் கார்த்திகை, மார்கழியில் கருமண்ணைப் பச்சையால் மூடிவிடும். கோடையில் வெயில் ஏற ஏற அதே மண் பாளம் பாளமாக வெடித்து, அடுத்த மழைக்கு வாய் திறந்து காத்திருக்கும். மேற்குமலையின் செங்கோட்டைக் கணவாய் வழியாகப் புகுந்து வரும் தென்மேற்குக் காற்று, நடுக்கோடை கழிந்ததும் காற்றாலைகளை ஓயாமல் சுழற்றும். இந்தக் காற்றின் வலிமையால்தான் மத்திய அரசின் காற்றாற்றல் நிறுவனம் தன் காற்றாலைச் சோதனை நிலையத்தை, டென்மார்க்கின் தொழில்நுட்ப உதவியோடு, கயத்தாறில் அமைத்தது. பள்ளிக் குழந்தைகளுக்குக் காற்றிலிருந்து மின்சாரம் பிறக்கும் முறையை விளக்கத் தமிழ்நாட்டில் இதைவிடப் பொருத்தமான ஊர்கள் அதிகமில்லை. பார்க்கத் தகுந்த பருவமும் நாட்காட்டியோடு பொருந்தி வருகிறது. கட்டபொம்மன் நினைவு நாளான அக்டோபர் 16 முதல் பாரதி பிறந்த நாளான டிசம்பர் 11 வரை உள்ள காலம், மழை கண்டு கரிசல் பச்சையாகும் காலம். இந்த எட்டு வாரத்தைக் கரிசல் பருவம் என்று பெயரிட்டு அழைத்தாலே, எப்போது வருவது என்ற கேள்விக்கு விடை கிடைத்துவிடும்.

இரண்டாவது மறுப்பு ஆழமானது. ஒரு மனிதர் தூக்கில் தொங்கிய இடத்தைச் சுற்றுலாத் தலமாக்குவது முறையா? இந்தத் தயக்கம் மதிக்கத்தக்கது. 2021-ல் ஜாலியன்வாலா பாக் புதுப்பிக்கப்பட்டபோது, குறுகலான நுழைவு வழியைச் சிற்பங்களால் அலங்கரித்து அதன் பழைய முகத்தை மாற்றிவிட்டார்கள் என்று வரலாற்றாய்வாளர்கள் வருந்தினார்கள். துயரம் நடந்த இடத்தில் கேளிக்கையின் சாயல் பட்டால் அது அவமதிப்பாகிவிடும். ஆனால் அந்தமான் செல்லுலார் சிறையும் தூக்குமேடை உள்ள இடம்தான். அங்கே போகிறவர்கள் மௌனமாகத் திரும்புகிறார்கள். காரணம், அங்கே நடந்தது அங்கேயே சொல்லப்படுகிறது. ஆக, மக்கள் வருவதில் குற்றமில்லை. வருகிறவர்களுக்கு என்ன சொல்கிறோம், எந்த முறையில் சொல்கிறோம் என்பதில்தான் மரியாதையும் அவமரியாதையும் இருக்கின்றன. கயத்தாறில் வேண்டியது வண்ணவிளக்கோ செயற்கை நீரூற்றோ அல்ல. நிழல் தரும் நாலு மரம், உட்கார இடம், 1799-ன் நிகழ்ச்சிகளைத் தேதி வாரியாகச் சொல்லும் ஒரு சுவர், கதைப்பாடலைப் பாடிக் காட்ட ஒரு கலைஞர் போதும். கற்குவியல் எழுப்பிய வழிப்போக்கர்களின் வழக்கத்தையும் அந்தச் சுவரில் சொல்லவேண்டும். வெளியூரிலிருந்து வருகிறவருக்கும் அந்த இடத்துக்கும் உள்ள உறவை அதைப்போல விளக்கும் செய்தி வேறில்லை.

மூன்றாவது மறுப்பைப் பலர் வெளிப்படையாகப் பேசுவதில்லை. இந்த வட்டாரத்தில் வீரர்களின் நினைவு நாள்கள் சாதிவாரியாகப் பிரிந்து கிடக்கின்றன. சிலைகளுக்குக் கூண்டு போட்டுக் காவல் நிற்கவேண்டிய நிலையைத் தென்மாவட்டங்கள் கண்டிருக்கின்றன. கட்டபொம்மனின் வரலாறே வழக்குக்கு உட்பட்டது. ம. பொ. சிவஞானம் அவரை விடுதலைப் போரின் முன்னோடியாக எழுதினார். தமிழ்வாணன் அவரைக் கொள்ளைக்காரர் என்றே நூல் எழுதினார். எட்டயபுரம் பாளையம் அன்று கும்பினியின் பக்கம் நின்றது என்பதும் மறைக்கமுடியாத உண்மை. இப்படிப்பட்ட கதையைச் சுற்றுலாவுக்கு எடுத்துக்கொண்டால் பகைதான் வளரும் என்று அஞ்சுகிறவர்கள் உண்டு. நான் இதற்கு நேர்மாறாக நினைக்கிறேன். கதையைத் துண்டுதுண்டாக வைத்திருப்பதுதான் பகைக்கு உரம். கட்டபொம்மனோடு நின்று மடிந்தவர்களில் வெள்ளையத்தேவனும் சுந்தரலிங்கமும் இருந்தார்கள்; பல சமூகத்தவரின் இரத்தம் ஒரே கோட்டையைச் சுற்றிச் சிந்தியது. பாஞ்சாலங்குறிச்சியையும் கட்டாலங்குளத்தையும் எட்டயபுரத்தையும் ஒரே நாளில் பார்க்கிற பயணி, எந்தச் சமூகமும் இந்த வரலாற்றுக்குத் தனி உரிமை கொண்டாட முடியாது என்பதை நடந்தே அறிந்துகொள்வார். கருத்து வேறுபாடுகளையும் மறைக்கவேண்டியதில்லை. கும்பினி ஆவணம் இப்படிச் சொல்கிறது, கதைப்பாடல் அப்படிச் சொல்கிறது, ஆய்வாளர்கள் இரண்டு விதமாகவும் எழுதியிருக்கிறார்கள் என்று சொல்லும் துணிவு உள்ள ஊரைப் படித்தவரும் மதிப்பார், பாமரரும் நம்புவார்.

கடைசி மறுப்பு பணம் பற்றியது. சின்னப் பேரூராட்சிக்குக் குடிநீரும் குப்பையுமே பெரும்பாடு; சுற்றுலாவுக்கு எங்கே போவது? நியாயமான கேள்வி. ஆனால் மேலே சொன்னவற்றில் பெருஞ்செலவு பிடிப்பவை குறைவு. முதல் தேவை சுத்தமான கழிப்பறையும் குடிநீரும். இவை வெளியூராருக்கு முன் உள்ளூர்ப் பெண்களுக்கே தேவைப்படுபவை. சாலைப்புதூர் சுங்கச்சாவடியில் எப்படியும் மெதுவாகும் வண்டிகளின் கண்ணில் படும்படி, எத்தனை கிலோமீட்டரில் என்ன இருக்கிறது, எத்தனை மணிவரை திறந்திருக்கும் என்று சொல்லும் ஒரு பலகை வேண்டும். அடுத்தது, பக்கத்து ஊர்களின் பட்டியலோடு ஒரே தாளில் அச்சிட்ட வரைபடம். வரலாறு படித்துவிட்டு வேலைக்குக் காத்திருக்கும் உள்ளூர் இளைஞர்களில் சிலரை வழிகாட்டிகளாகப் பயிற்றினால், ஊதியத்தைப் பயணிகளே தருவார்கள். பொதுமக்கள் பணத்தால் பெரிய காரியம் நடக்கும் என்பதற்கு எட்டயபுரமே சான்று. அங்குள்ள பாரதி மணிமண்டபம் கல்கி கிருஷ்ணமூர்த்தி முன்னின்று தம் பத்திரிகை வழியாகத் திரட்டிய வாசகர் நன்கொடையில் எழுந்தது. 1947 அக்டோபரில் திறக்கப்பட்டது. தமிழ் வாசகர்கள் தங்கள் கவிஞனுக்குக் கட்டிய மண்டபம் அது. கேட்க ஓர் ஆள் இருந்தால் கொடுக்க ஊர் இருக்கும் என்பது இந்த மண்ணில் ஏற்கனவே மெய்ப்பட்ட உண்மை.

எனவே கயத்தாறும் அதன் அக்கம்பக்கத்து ஊர்களும் தனித்தனியே சிலை கேட்டு மனுக் கொடுப்பதை நிறுத்திவைத்து, ஒன்றாக உட்கார்ந்து பேசத் தொடங்கவேண்டும். கோவில்பட்டி நகராட்சியும், கயத்தாறு, எட்டயபுரம், கழுகுமலை, கடம்பூர் பேரூராட்சிகளும் சேர்ந்து கரிசல் சுற்றுக்கு ஒரே வரைபடம் போட்டால், மாவட்ட நிர்வாகமும் சுற்றுலாத் துறையும் அதைப் புறந்தள்ளமுடியாது. வாசகர்கள் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. அடுத்த முறை குமரிக்கோ திருச்செந்தூருக்கோ போகும்போது கயத்தாறில் வண்டியை நிறுத்துங்கள். பிள்ளைகளை இறக்கி, 1799-ல் இந்த இடத்தில் என்ன நடந்தது என்று சொல்லுங்கள். போகிற வழியில் இடைசெவலைக் காட்டுங்கள். கடம்பூர்ப் போளியை வாங்கிக் கொடுங்கள். இரண்டு நூற்றாண்டுக்கு முன் இந்த ஊரின் நினைவைக் காத்தவர்கள், போகிற போக்கில் ஒரு கணம் நின்று ஒரு கல்லைப் போட்டவர்கள்தான். இன்று அந்த ஊர் உங்களிடம் கேட்பது அரைமணி நேரம்.